ஸ்பூனில் நின்ற நுரை

ஹேண்ட் பிளெண்டர் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது பெட்டியில் போட்டிருக்கும் வாட் எண்ணைத்தான். அது அவ்வளவு முக்கியமில்லை. பிளேடு இருக்கும் அடித்தண்டு தனியாகக் கழன்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். கழன்று வந்தால் குழாய்க்கு அடியில் காட்டிக் கழுவலாம். வராவிட்டால் மோட்டாரில் தண்ணீர் போய்விடுமோ என்று பயந்து ஈரத்துணியால் துடைத்து வைப்போம். மறுநாளே நேற்றைய பருப்பு வாசனை அடிக்கும். தண்டு எவர்சில்வராக இருந்தால் நல்லது. பிளாஸ்டிக் தண்டு சூடான சாம்பாரில் மஞ்சளேறிவிடும். இன்னொன்றைக் கடையில் யாரும் சொல்வதில்லை. பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டு நிற்க நம் கட்டைவிரலுக்குத் தெம்பு வேண்டும்.

சிரிக்கிறீர்கள், லாவண்யா. சிரிக்கலாம், தவறில்லை. இந்த வீட்டில் யாரும் சிரித்து வெகுநாள் ஆகிறது. டீ ஆறுகிறது, குடியுங்கள். அடுகோடியிலிருந்து இந்த வெயிலில் பஸ் மாறி வந்திருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்டதற்குத்தான் வருகிறேன். வாசலிலேயே நின்று கேட்டுவிட்டீர்கள். "ஆன்ட்டி, கடைசியா நான் வந்தப்போ, ஸ்பூன் வாயில இருக்கும்போதே ஆஞ்சலா ஆன்ட்டி உங்ககிட்ட ஏதோ சொன்னாங்க. எனக்குப் புரியல. என்ன சொன்னாங்க?" பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து, வீடுகளுக்குப் போய் ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கு விழுங்கும் பயிற்சி கொடுப்பதை நிறுத்திவிட்டதாகச் சொன்னீர்கள். "என் கணிப்பு தப்பாப் போச்சு ஆன்ட்டி. அவங்க ரெடியாகுறதுக்கு முன்னாடியே அவசரப்பட்டுட்டேன். இன்னொருத்தர் வாயில ஸ்பூன் வைக்க எனக்குக் கை வரமாட்டேங்குது."

உங்கள் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் கேட்டால் என்னைப் பற்றித் தவறாக நினைப்பீர்கள். அதனால்தான் பிளெண்டரிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஆஞ்சலா அக்காவுக்கு ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, எல்லா உணவையும் மசித்துத்தான் கொடுக்க வேண்டும், தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும், நீர்த்தது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள். எங்களிடம் பெரிய மிக்ஸி இருந்தது. ஒரு கரண்டி சாதத்தையும் ஒரு கரண்டி பருப்பையும் அதில் போட்டால் பிளேடுக்கு அடியில் போய் ஒட்டிக்கொள்ளும், அரையாது. சத்தம் வேறு. மிக்ஸி ஓடும்போதெல்லாம் அக்காவின் நல்ல கை கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். இதைக் கவனித்தவர் நீங்கள். "விலை கம்மியா ஒரு ஹேண்ட் பிளெண்டர் வாங்கிக்கோங்க ஆன்ட்டி, கிண்ணத்துலயே விட்டு அடிச்சுக்கலாம்" என்றீர்கள். உங்களுக்கு அது நினைவில்கூட இருக்காது. சின்னச் சின்ன உதவிகள் அப்படித்தான். செய்தவர் மறந்துவிடுவார், பெற்றவர் வாழ்நாள் முழுக்க வைத்துக்கொண்டிருப்பார். முப்பது வருஷம் நர்சரிப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். பெரிய காரியம் எதுவும் செய்ய வேண்டாம், பக்கத்தில் இருப்பவனின் ஷூ லேஸைக் கட்டிவிடு, போதும்.

மார்க்கெட் பக்கத்தில் ரகுராம் கடைக்குப் போனேன். அவர் கன்னடக்காரர், ஆனால் காக்ஸ் டவுனில் கடை வைத்திருப்பதால் நன்றாகத் தமிழ் பேசுவார், பாருங்கள் என்பதற்கு 'நோடி', வேண்டாம் என்பதற்கு 'பேடா' மட்டும் வாயில் வந்துவிடும்.

"நோடி மேடம், இது எட்டுநூறு வாட். பாதாம், ஐஸ், எல்லாம் தூளாயிடும்."

"ஐஸை வச்சு நான் என்ன செய்ய? எங்க அக்காவுக்குப் பருப்பு சாதம் மசிக்கணும்."

"யாரு, சர்ச்ல பாடுவாங்களே, அந்த அம்மாவா?" என்று பெட்டியை மூடினார். "அப்ப பெரிசு பேடா மேடம். இந்தச் சின்னதே போதும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. ஒரு நிமிஷம் ஓட்டுங்க, ஒரு நிமிஷம் விடுங்க. அதுவும் மனுஷங்க மாதிரிதான், மூச்சு விடணும்."

என்னைப் பார்த்ததும் யாருக்கும் அக்காதான் நினைவுக்கு வருவாள். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. அக்கா பாடகர் குழுவில் முன்வரிசை. அவள் பாட்டுப் புத்தகம் வைத்திருக்கும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பவள் நான். ஒருமுறை நானும் சேர்ந்து பாடப் போகிறேன் என்றதற்கு, "இவ வாயைத் தொறந்தா ஆர்மோனியமே எழுந்து வெளிய போயிடும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளுக்குக் கல்யாணம் ஆனது, அஷ்வின் பிறந்தான், அத்தான் இறந்த பிறகு இந்த வீட்டுக்கே திரும்பி வந்தாள். நான் எங்கேயும் போகவில்லை.

பிளெண்டரைப் பழக எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. முதல் நாள் பொத்தானை அழுத்திவிட்டுக் கிண்ணத்துக்குள் இறக்கினேன். கேரட் முழுவதும் என் நைட்டியிலும் காலண்டரிலும் தெறித்தது. வேலைக்கு வரும் சந்திரம்மா சுவரைத் துடைத்துக்கொண்டே, "இப்படியே போனா ஒரு நாள் என்னையும் கிண்ணத்துல போட்டு அரைச்சிடுவீங்க" என்றாள். அக்கா வாய் ஒரு பக்கம் கோணச் சிரித்தாள். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அவள் முதலில் சிரித்தது அன்றுதான்.

பிறகு நுணுக்கம் பிடிபட்டது. அகலக் கிண்ணம் கூடாது, உயரமான சொம்பு வேண்டும். தலைப்பகுதி முழுவதும் உணவுக்குள் மூழ்கிய பிறகுதான் பொத்தானைத் தொட வேண்டும். லேசாகச் சாய்த்துப் பிடித்தால் அடியில் உள்ளது தானாக மேலே வரும். அடித்து முடிக்கும்வரை தலையை மேலே தூக்கக் கூடாது. தூக்கினால் காற்று உள்ளே போய் நுரைத்துவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பீட்ரூட்டைத் தனியாக, பருப்பைத் தனியாக, கோழியை ரசத்தோடு தனியாக மசித்து, தட்டில் சின்னச் சின்னக் குவியலாக வைப்பேன். "என்னடி இது, பெயிண்ட் டப்பாவா?" என்பாள் குழறிக் குழறி. ஒவ்வொரு வேளையும் ஜெபம் செய்துவிட்டுத்தான் ஊட்டுவேன். தலையணையை நிமிர்த்தி, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லி, நீங்கள் கற்றுக்கொடுத்தபடி ஒவ்வொரு வாய்க்கும் தொண்டை அசைவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் கையில் அவளுக்கு ஒரு நாளும் புரையேறியதில்லை. சந்திரம்மாவைக் கேட்டால் சொல்வாள்.

அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அக்கா படுத்திருந்தாள், நான் சந்தோஷமாக இருந்தேன். காலையில் கண் விழித்ததும் அவள் முதலில் கூப்பிடுவது என் பெயரைத்தான்.

மூன்று நான்கு மாதத்தில் அவள் குரல் கொஞ்சம் தெளிந்தது. நாக்கு பலமடைந்துவிட்டது என்று நீங்கள் சொன்னீர்கள். படிப்படியாக நீர்க்க நீர்க்கக் கொடுத்துப் பார்க்கலாம், முதலில் தேன் பதம், அப்புறம் கஞ்சி, கடைசியில் வெறும் தண்ணீர் என்றீர்கள். அக்கா உடனே, "ஈஸ்டருக்குள்ள முடியுமா?" என்று கேட்டாள்.

"ஏன் ஆன்ட்டி, அன்னைக்கு பிரியாணியா?"

"சீ. திருவிருந்து. எல்லாரும் முழங்கால்ல இருக்கும்போது நானும் போய் அப்பம் வாங்கணும். கிண்ணத்துல ஒரு வாய் திராட்சை ரசம் குடிக்கணும். வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கறதெல்லாம் வேணாம்."

"கண்டிப்பா ஆன்ட்டி. நான் இருக்கேன்ல" என்றீர்கள்.

அன்று சாயங்காலமே அஷ்வின் பூனாவிலிருந்து ஃபோன் செய்தான். "சித்தி, அம்மா தண்ணி குடிக்க ஆரம்பிச்சுட்டா ஃப்ளைட்ல கூட்டிட்டு வந்துடலாம்னு டாக்டர் சொல்றாரு. ஈஸ்டர் முடிஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போறேன். நீங்களும் எவ்வளவு நாள்தான் கஷ்டப்படுவீங்க?"

"எனக்கென்னப்பா கஷ்டம்" என்றேன். அது பொய்யில்லை. எனக்குக் கஷ்டமே இருக்கவில்லை.

அவனைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல பிள்ளை. ஆனால் அவனும் அவன் மனைவியும் காலையில் போனால் இரவு வருகிறவர்கள். அங்கே யாரோ ஒரு சம்பளப் பெண் டி.வி.யைப் பார்த்துக்கொண்டே அக்காவுக்கு ஊட்டுவாள். பீட்ரூட்டைத் தனியாக வைப்பாளா? தாடையைத் தாழ்த்தச் சொல்வாளா? இப்படித்தான் யோசித்தேன். என்னைப் பற்றி யோசித்ததாக அப்போது எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் முதல் பரிசோதனைக்கு வந்த அன்று நடந்தது உண்மையிலேயே கைத்தவறுதான். ஏலக்கி வாழைப்பழமும் பாலும் தேன் பதத்தில் அடித்து வைக்கச் சொல்லியிருந்தீர்கள். பழம் சின்னதாக இருந்தது, பால் கொஞ்சம் கூடிவிட்டது. நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் அவசரத்தில் பிளெண்டரை மேலும் கீழும் இழுத்து அடித்தேன். நுரை பொங்கிச் சொம்பு நிறைந்தது. பார்ப்பதற்கு நல்ல கெட்டியாக இருந்தது. நீங்கள் ஸ்பூனைச் சாய்த்துப் பார்த்தீர்கள். விழாமல் நின்றது. "தேனைவிடக் கெட்டியாவே இருக்கு ஆன்ட்டி, பரவாயில்ல, இதுல ஆரம்பிப்போம்" என்றீர்கள்.

அக்காவுக்குப் புரையேறியது. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. நீங்கள் முன்னால் சாய்த்துப் பிடித்தீர்கள், நான் முதுகைத் தடவினேன். அடங்கிய பிறகு, இந்தப் பதமே இறங்கவில்லை என்றால் இன்னும் சில வாரம் பொறுக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

மிச்சத்தைக் கொட்டுவதற்குச் சொம்பை எடுத்தபோதுதான் பார்த்தேன். மேலே விரல் கனத்துக்கு நுரை, கீழே வெறும் பால். அக்காவின் வாய்க்குள்ளும் அதேதான் நடந்திருக்கிறது. ஸ்பூனில் நின்றது காற்று. நாக்கில் பட்டதும் நுரை உடைந்து, எதைக் கொடுக்கக் கூடாது என்று சொன்னார்களோ அதுவாகவே ஆகிவிட்டது.

அப்போது நீங்கள் பஸ் ஸ்டாப்புக்குக்கூடப் போயிருக்க மாட்டீர்கள். ஒரு ஃபோன் செய்திருக்கலாம். கையைத் துடைத்துக்கொண்டு ஃபோன் வரை போனேன். அதற்குள் அது தானாக அடித்தது. அஷ்வின். நீங்கள் அவனுக்கு மெசேஜ் அனுப்பியிருந்தீர்கள். "பரவாயில்ல சித்தி. அப்ப இன்னும் கொஞ்ச நாள் அம்மா உங்ககிட்டயே இருக்கட்டும். உங்களை விட்டா யார் பார்ப்பாங்க?"

ஃபோனை வைத்துவிட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். முழங்காலில் நின்று சொன்னேன். பொய் சொல்லிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லையே. அன்று மத்தியானம் அக்காவுக்குப் பிடித்த பூசணியைச் சரியான பதத்தில் மசித்துக் கொடுத்தேன். ஒரு சிறு இருமல்கூட இல்லாமல் சாப்பிட்டாள்.

இரண்டாவது முறை நடந்தது கைத்தவறு இல்லை.

நீங்கள் அன்று சமையலறைக்கே வந்துவிட்டீர்கள். "நானே கலக்கறேன் ஆன்ட்டி" என்றீர்கள். "வீட்டுக்கு வந்த பிள்ளையை அடுப்பங்கரையில நிக்க வைப்பேனா? போய் ஃபேனுக்கு அடியில உட்காரும்மா, நான் அடிச்சு எடுத்துட்டு வரேன்" என்று உங்கள் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். கூடவே ஒரு டம்ளர் ஜூஸும் கொடுத்தேன். நீங்கள் களைத்துத்தான் இருந்தீர்கள், அதனால் அதுவும் ஒரு உதவிதான். உங்களை அனுப்பிவிட்டுப் பாலை எடுத்தேன். ஃப்ரிஜ்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த பால் இன்னும் நன்றாக நுரைக்கும். பாதிப் பழம் போதும், நிறத்துக்கு. பிளெண்டரின் தலையைப் பாலின் மேற்பரப்பிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். எதைச் செய்யக் கூடாது என்று கற்றிருந்தேனோ அதைத்தான் செய்தேன். நுரை அடங்குவதற்கு முன் வேகமாகக் கொண்டுவந்து உங்கள் கையில் கொடுத்தேன்.

உங்கள் மனதில் ஓடுவது தெரிகிறது. நான் அவளை வதைத்தேன் என்று நினைக்கிறீர்கள். மற்ற நாட்களில் ஒரு வேளைகூட அவளுக்கு நீர்த்த உணவு கொடுத்ததில்லை. நீங்கள் வரும் நாட்களில் மட்டும்தான். அதுவும் இரண்டு ஸ்பூன். இருமல் அடங்கியதும் வெந்நீரில் துணியை நனைத்து முகத்தைத் துடைத்துவிடுவேன், தலை வாரிவிடுவேன், வேதாகமத்தில் அவள் கேட்ட சங்கீதத்தை வாசித்துக் காட்டுவேன்.

அந்த இரண்டாவது முறைக்குப் பிறகு அக்கா மாறிவிட்டாள். அதுவரை காலை வேளையில் பழைய கீர்த்தனைகளை மூக்கால் முனகிக்கொண்டிருப்பாள். அது நின்றுபோனது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் தொடங்கியிருந்தன. போதகர் வந்து பார்த்துவிட்டு, "ஈஸ்டருக்குள்ள சரியாயிடும்மா, உங்க இடத்தை காலியா வச்சிருக்கோம்" என்றார். அவர் போனதும் அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "மௌரீன், நான் என்ன பாவம்டி பண்ணேன்? கர்த்தர் என்னை அவர் பந்தியிலயே உட்காரவிட மாட்டேங்குறாரே."

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் சித்தத்துக்கு நேரம் உண்டு அக்கா என்றேன். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் பாவத்தை அவள் தன்னுடையது என்று தேடிக்கொண்டிருந்தாள். காலையில் எழுந்ததும் சொல்லிவிடலாம் என்று தீர்மானித்துக்கொண்டேன். காலையில் எழுந்ததும் அவள் என் பெயரைக் கூப்பிட்டாள். நான் பிளெண்டரைக் கழுவி எடுத்தேன்.

நான் எதிர்பார்க்காதது உங்கள் புத்திசாலித்தனத்தைத்தான். ஒரு நாள் அக்காவின் நாக்கையும் தொண்டையையும் நெடுநேரம் பார்த்துவிட்டு, "எனக்குப் புரியல ஆன்ட்டி. தசை நல்லா வேலை செய்யுது. எச்சிலை சிரமமில்லாம முழுங்கறாங்க. டெஸ்ட்ல மட்டும் ஏன் தோத்துப் போறாங்க?" என்றீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், விழுங்கும்போதே எக்ஸ்ரேயில் படம் பிடித்துப் பார்த்துவிடலாம் என்றீர்கள். அடுத்த வாரமே தேதியும் வாங்கிவிட்டீர்கள். அக்காவின் முகம் மலர்ந்ததை நீங்களும் பார்த்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் கலக்கப் போவது அவர்கள். அங்கே என் சொம்பும் இருக்காது, பிளெண்டரும் இருக்காது. அக்கா சுலபமாக விழுங்கிவிடுவாள். வீட்டில் முடியாதது அங்கே எப்படி முடிந்தது என்று நீங்கள் யோசிப்பீர்கள். அதுகூடப் பரவாயில்லை, ஈஸ்டர் முடிந்ததும் அஷ்வின் வந்துவிடுவான். அதற்கு முன் ஒரு முறை வீட்டில் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தீர்கள். அந்த ஒரு முறை அவள் வழக்கத்தைவிட மோசமாக இருமினால், இவ்வளவு பலவீனமானவளைக் கார் ஏற்றி அலைக்கழிக்க வேண்டாம் என்று நீங்களே தள்ளிவைத்துவிடுவீர்கள். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான், கொஞ்சம் அவகாசம். அதனால் அன்று பாலோடு தண்ணீரும் சேர்த்தேன். தண்ணீர் கலந்த பாலில் நுரை வேகமாக உடையும் என்பதால், உங்களைக் கட்டிலருகே தயாராக உட்காரவைத்துவிட்டுத்தான் அடித்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தீர்கள். அவள் உதடு நீலம் பாரித்தது, நீங்கள் அவளை மடக்கிப் பிடித்து முதுகில் தட்டினீர்கள், மூச்சு திரும்பி வந்தது. போகும்போது வாசலில் திரும்பி நின்றீர்கள். "நெஞ்சுக்குள்ள இறங்கியிருக்கலாம் ஆன்ட்டி. லேசா காய்ச்சல் வந்தாலும் உடனே எனக்கு ஃபோன் பண்ணுங்க. உடனே" என்றீர்கள்.

சாயங்காலமே காய்ச்சல் வந்துவிட்டது. மறுநாள் காலையில் நீங்கள் ஃபோன் செய்து கேட்டபோது, நன்றாக இருக்கிறாள், தூங்குகிறாள் என்றேன். தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். காய்ச்சல் என்று சொன்னால் எதனால் வந்தது என்று பார்ப்பார்கள், சளியை எடுத்து ஆராய்வார்கள், அதில் பால் தெரியுமோ என்னவோ. எனக்கு அதெல்லாம் தெரியாதில்லையா. நெற்றியில் ஈரத்துணி போட்டேன், ஜெபம் செய்தேன். அடுத்த நாளும் அப்படியே. மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் சந்திரம்மாதான் பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டி வந்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள்.

நிமோனியா என்றார்கள். ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கு இது சகஜம் என்றும் சொன்னார்கள். யாரும் எதையும் ஆராயவில்லை. ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தில் அடக்கம் நடந்தது. பாடகர் குழு முழுவதும் வந்து பாடினார்கள். அஷ்வின் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "பெத்த பிள்ளை நான் செய்யாததை நீங்க செஞ்சீங்க சித்தி" என்று அழுதான். எங்களுக்கு இப்படி ஒரு தங்கை கிடைக்கவில்லையே என்று சபைப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஈஸ்டர் அன்று எல்லோரும் திருவிருந்துக்கு முன்னால் போனபோது நான் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். துக்கத்தில் இருக்கிறாள் என்று விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகும் நான் போகவில்லை. போக முடியாது என்று எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் என்னோடு புதைத்துக்கொண்டு போயிருப்பேன். ஆனால் இன்று நீங்கள் வந்து, இனி ஸ்பூனைத் தொட மாட்டேன் என்கிறீர்கள். உங்களை நம்பி எத்தனை வீடுகளில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள். அவர்களுக்காகவாவது இந்தச் சின்ன உதவியை நான் செய்துவிட வேண்டும்.

அன்று அக்கா என்ன சொன்னாள் என்று கேட்டீர்கள்.

முதல் ஸ்பூன் வாய்க்குள் போனதும் அவள் விழுங்கவில்லை. வாயிலேயே வைத்துக்கொண்டாள். நீர்த்தது எதுவும் நாக்கில் பட்டால் விழுங்காதீர்கள், துப்பிவிடுங்கள் என்று நீங்கள் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறீர்களே, அதன்படியே நடந்துகொண்டாள். வாய் நிறைய வைத்துக்கொண்டு பேசியதால் உங்களுக்குப் புரியவில்லை. அவள் குழறல் எனக்குப் பழக்கம். "தண்ணியா இருக்குடி, மௌரீன்" என்றாள்.

துப்புவதற்காக முகத்தைத் திருப்பினாள். நான் துண்டால் அவள் உதட்டை ஒற்றுவது போல் மூடிப் பிடித்தேன். "இல்லக்கா, கெட்டியாத்தான் இருக்கு. நான்தானே அடிச்சேன். முழுங்கு" என்று அவள் காதோடு சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு விழுங்கினாள். தன் நாக்கைவிட என்னை நம்பினாள்.

ஆகவே உங்கள் கணிப்பில் ஒரு தப்பும் இல்லை, லாவண்யா. அவள் எப்போதோ தயாராகிவிட்டாள். தேன் பதம், கஞ்சி, தண்ணீர் எல்லாமே இறங்கியிருக்கும். ஈஸ்டர் அன்று முழங்காலில் நின்று அந்தக் கிண்ணத்தில் குடித்திருப்பாள். நான்தான் அவளைக் கொன்றேன். தெரிந்து செய்தேன். இதை நீங்கள் யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள், அஷ்வினிடமும் சொல்லுங்கள், நான் மறுக்க மாட்டேன். ஆனால் நாளையிலிருந்து நீங்கள் வேலைக்குப் போக வேண்டும். எனக்கு வாக்குக் கொடுங்கள்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? டீயைத் தொடவே இல்லையே. நான் போட்டதாயிற்றே என்று பார்க்கிறீர்களா? வெறும் டீதான்.

சமையலறை வாசலில் கட்டி வைத்திருக்கும் பையைத்தானே பார்க்கிறீர்கள். பிளெண்டர்தான். தண்டைக் கழற்றி வெந்நீரில் கழுவிக் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். நீலசந்திராவுக்குப் பக்கத்தில் ஆதரவில்லாதவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருக்கிறது. ஊட்டிவிட ஆள் இல்லை என்று சபையில் அறிவித்தார்கள், நான் கை தூக்கினேன். போலீஸ் வரும்வரையாவது, திங்கட்கிழமையிலிருந்து போவதாக இருக்கிறேன். பயப்படாதீர்கள். அங்கே படுத்திருப்பவர்களை வீட்டுக்குக் கூட்டிப்போக யாரும் வருவதில்லையாம். அதனால் அவர்களுக்கு என்னால் ஒரு கெடுதலும் வராது.